பாலிஷ் மெஷின் வாங்குவதற்கு முன்னால்

(செஞ்சியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



போன மாதக் கூட்டத்தில், வாட்டர் வாஷ் நடத்தும் நம் ஐந்து பேர் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. கார் பாலிஷ் போடுகிற மெஷின் வாங்கக் கூட்டமைப்பிலிருந்து கடன் வேண்டும் என்று. படித்து முடிக்கும் முன்பே பின்வரிசையில் சிரிப்பு. "தையல் மெஷினுக்குக் கடன் கொடுத்திருக்கோம், மாவு மெஷினுக்குக் கொடுத்திருக்கோம், இது என்னாடி புதுசா?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். சிரித்தாலும் அது நியாயமான கேள்வி. பணம் நம் எல்லோருடைய சேமிப்பு. அதனால்தான் இந்த மாதம் அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

கேட்ட குழு கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லை. நம் ஊர் திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்குப் போகிற வண்டி, அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வருகிற வண்டி. 2025 ஜூலையில் நம் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ ஒன்றாகச் சேர்த்ததில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன, மீதி ஒன்று நம்முடையது. பெருமைதான். ஆனால் கோட்டை பார்க்க வருகிறவர் இங்கே அரை நாள் வண்டியை விட்டுவிட்டுப் பாலிஷ் போட மாட்டார். மிஞ்சிப்போனால் கழுவிக்கொண்டு போவார். பாலிஷுக்கு வருகிறவர் உள்ளூர்க்காரர்: டாக்ஸி வைத்திருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், அரிசி வியாபாரி, பழைய கார் வாங்கி விற்கிறவர். இதை அந்தக் குழு தாங்களாகவே புரிந்துகொண்டு ஒரு நோட்டுப் போட்டு வைத்தார்கள். ஒரு மாதத்தில் "பாலிஷ் போடுவீங்களா?" என்று கேட்டவர்கள் 14 பேர். இந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே நம்பிக்கை வந்தது.

நாம் மாடு வாங்கப் போகும்போது என்ன செய்வோம்? பல்லைப் பார்ப்போம், சுழி பார்ப்போம், மடியைத் தொட்டுப் பார்ப்போம், காலையிலும் சாயங்காலமும் கூட நின்று கறந்து பார்ப்போம். கறவை மாட்டுக் கடனில் இவ்வளவு விவரமாக இருக்கிற நாம், மெஷின் என்றவுடன் மட்டும் கடைக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மெஷினுக்கும் பல் உண்டு, சுழி உண்டு. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊராட்சியில் ஒரு குழு இதே தொழிலைத் தொடங்கியது. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது விதி. படிவம் நாங்கள் தயாரித்ததுதான். அதில் மூன்றே கட்டம்: மெஷின் பெயர், வாட்ஸ், விலை. வாட்ஸ் கூடுதல், விலை குறைவு என்று ஒரு கடையின் கொட்டேஷன் வந்தது, ரூ.2,400. தீர்மானம் போட்டு, காசோலை கொடுத்து, மெஷினும் வந்துவிட்டது. முன்னால் வெல்க்ரோ தட்டு, அதில் ஒரு பஞ்சு. பார்க்கப் பாலிஷ் மெஷின் மாதிரியே இருந்தது. உண்மையில் அது இரும்பு வெட்டுகிற, வெல்டிங் தேய்க்கிற கிரைண்டர். நிமிஷத்துக்கு 11,000 சுற்று.

மூன்றாவது வண்டி கறுப்பு நிறம். ஓட்டினது குழுவிலேயே சின்னவள், அரை மணி நேரம் கற்றுக்கொண்ட தங்கச்சி. பானட்டின் ஓரத்தில் ஒரு இடத்தில் கொஞ்சம் நிறுத்தி அழுத்தியிருக்கிறாள். கையை எடுத்தால் கறுப்பு போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. ரப்பர் கருகின மாதிரி வாசனை. பெயிண்டிங் பட்டறையில் பானட்டுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடிக்க ரூ.6,000 ஆனது. 12 பேர் மாதம் நூறு நூறாகச் சேர்த்த குழு அது. ஐந்து மாதச் சேமிப்பு ஒரு நிமிஷத்தில் போயிற்று. அந்தத் தங்கச்சி ரெண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. எல்லோரும் அவளைத்தான் பேசினார்கள். அவள் கை செய்த தப்பு அது இல்லை, எங்கள் படிவம் செய்த தப்பு. சுற்று எத்தனை என்று கேட்க அதில் கட்டமே இல்லை.

சரி, ஏன் அப்படி ஆயிற்று? காரின் தகரத்தின் மேல் முதலில் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதைக் கிளியர் கோட் என்கிறார்கள். பளபளப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும் காரில் எல்லாப் பூச்சும் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நாம் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள், அது சுமார் 100 மைக்ரான். அந்தத் தாளில் பாதிகூட இல்லாத பூச்சின் மேல்தான் நாம் மெஷினை வைக்கப் போகிறோம்.

பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்று நினைக்கிறோம். இல்லை. கீறல் இருக்கிற மேல்பரப்பை மிக மிக மெல்லிசாகத் தேய்த்து எடுப்பதுதான் பாலிஷ். ஈயம் பூசின பித்தளைப் பாத்திரத்தை யாராவது செங்கல் தூள் போட்டு அழுத்தித் தேய்ப்பார்களா? ஈயம் போய்விடும் என்று நமக்குத் தெரியும். பித்தளைக்குப் புளி, ஈயத்துக்கு இதமான கை. காரும் அந்த மாதிரிதான். எடுத்த பூச்சைத் திரும்ப வைக்க முடியாது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லிசு, சூடும் அங்கேதான் சீக்கிரம் ஏறும். அந்தத் தங்கச்சி மெஷினை நிறுத்தினது சரியாக ஓரத்தில்.

இப்போது மெஷினுக்கு வருவோம். கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ஒன்று நாம் பார்த்த கிரைண்டர், 10,000, 12,000 சுற்று. அதில் பஞ்சு மாட்டித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். "வேகத்தைக் குறைச்சுக்கலாம்மா" என்று ரெகுலேட்டர் வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது ரோட்டரி. பெயிண்டிங் பட்டறைகளில் நாம் பார்ப்பது அதுதான். சுமார் 600-லிருந்து 3,000 சுற்று வரை வேகம் மாற்றலாம். ஒரே அச்சில் சுற்றும், ஆட்டுக்கல்லுக்குப் பதில் வந்த கிரைண்டர் கல்லு மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. ஆழமான கீறலையும், புதுசாக அடித்த பெயிண்டின் சொரசொரப்பையும் வேகமாக எடுக்கும். நல்ல மெஷின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பழகின கை வேண்டும். பழகாத கையில் ஓரம் எரியும். எரியாவிட்டாலும் வெயிலில் வண்டியை நிறுத்தினால் வட்ட வட்டமாகக் கோடு தெரியும்.

மூன்றாவது டூயல் ஆக்‌ஷன். சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். பம்பரம் வேகம் குறையும்போது தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுமே, ஞாபகம் இருக்கிறதா? அது மாதிரி, தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மொத்தமாகவும் சின்ன வட்டம் அடிக்கும். ஒரே இடத்தில் ஒரே பாதையில் தேய்க்காததால் சூடு மெதுவாகத்தான் ஏறும். இதில் இன்னொரு நல்ல குணம்: அளவுக்கு மீறி அழுத்தினால் தட்டு சுற்றுவது நின்று வெறுமனே அதிரும். தப்பு செய்கிற கையை மெஷினே பிடித்துக்கொள்கிறது. டி.ஏ. வைத்தாலும் பெயிண்டைக் கெடுக்க முடியும், ஆனால் அதற்கு நாம் ரொம்ப முயற்சி செய்ய வேண்டும். வேலை ரோட்டரியை விட மெதுவாக நடக்கும். விலையும் சாதாரண ரோட்டரியை விடக் கூடுதலாகவே சொல்வார்கள். இருந்தாலும் முதல் மெஷின் டி.ஏ.தான் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ரோட்டரி இரண்டாவது வருஷம் வரட்டும், கை பழகின பிறகு.

தட்டு சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று எப்படித் தெரியும்? தட்டின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு விடுங்கள். கோடு ஓடினால் சுற்றுகிறது. கோடு அங்கேயே நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம்.

டி.ஏ. மெஷினின் பெட்டியில் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று ஒரு எண் இருக்கும். தட்டு எவ்வளவு அகலமாக ஆடும் என்பது அந்த எண். 15-ம் 21-ம் பெரிய, சமமான பரப்பைச் சீக்கிரம் முடிக்கும், விலை கூடும், வளைவான இடங்களில் சுற்றுவது நின்று நின்று போகும். நம்மிடம் வருவது பெரும்பாலும் சின்னக் கார்கள், எல்லாம் வளைவும் மடிப்பும். 8 போதும். தட்டு 5 அங்குலம் எடுங்கள். வேகம் மாற்றுகிற சக்கரம் கட்டாயம் இருக்க வேண்டும். நிமிஷத்துக்கு 2,000-த்துக்குப் பக்கத்தில் தொடங்கி 5,000, 6,000 வரை போனால் சரி. வாட்ஸைக் கடைசியில் பாருங்கள். வாட்ஸ் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்பது. நிறையத் தீனி தின்கிற மாடு நிறையக் கறக்கும் என்று யாராவது சொன்னால் நம்புவோமா?

எடையை எழுதியதைப் படித்து முடிவு செய்யாதீர்கள். கடையிலேயே மெஷினைக் கையில் பிடித்துப் பத்து நிமிஷம் நில்லுங்கள். கார் பக்கவாட்டுக் கதவுக்கு மெஷினைத் தூக்கிப் பிடித்துத்தான் தேய்க்க வேண்டும். இரண்டரை கிலோ முதல் நிமிஷம் லேசாக இருக்கும், பத்தாவது நிமிஷம் தோள் சொல்லும். இந்த மெஷின்களை வடிவமைத்தவர்கள் யாருடைய கையை மனதில் வைத்துச் செய்தார்களோ, சிலவற்றின் பிடி நம் கைக்கு அடங்கவே அடங்காது. கூச்சப்படாமல் "வேற காட்டுங்க" என்று கேளுங்கள். ஐந்து பேரில் சின்னக் கை யாருக்கோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கை மரத்துப் போகிற அளவு அதிர்ந்தால் வேண்டாம்.

எங்கே வாங்குவது என்று கேட்டீர்கள். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி, கொஞ்சம் தள்ளிப் போனால் சென்னை. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கலாம். நாங்கள் விலையை விட ஒரு கேள்விக்குத்தான் மதிப்பு கொடுக்கிறோம்: கார்பன் பிரஷ் தேய்ந்தால் எங்கே கிடைக்கும், தட்டு பிய்ந்தால் யார் தருவார்? கார்பன் பிரஷ் தேயத்தான் தேயும், வெல்க்ரோ தட்டு சூட்டில் பிடிப்பு விடத்தான் விடும். இரண்டும் ஒரே பஸ்ஸில் போய் வாங்கிவருகிற தூரத்தில் கிடைக்க வேண்டும். பெரிய கம்பெனி பெயர் போட்டிருந்தாலும் இந்தப் பக்கம் சர்வீஸ் இல்லாவிட்டால் நமக்கு அது பொம்மை. பில் குழுவின் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு, மெஷினின் சீரியல் நம்பரும் எழுதி இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் தேதியும் சீலும். "துண்டுச் சீட்டுல போட்டா குறைச்சுத் தரேன்" என்றால் அந்தக் குறைச்சல் நமக்கு வேண்டாம். ஆடிட்டில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தங்கச்சி பேட்டரி மெஷின் நல்லதா என்று கேட்டார். ஒயர் தொல்லை இல்லை, கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் ஒரு கார் முடிக்க ஒரு பேட்டரி போதாது, கூடுதல் பேட்டரி வாங்கினால் அதன் விலையே தலைசுற்ற வைக்கும். முதல் மெஷினுக்கு ஒயர் போதும்.

இனிமேல்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். மொத்தப் பணத்தையும் மெஷினில் போட்டுவிட்டுப் பஞ்சுக்குக் காசில்லாமல் நிற்பது. பேட் என்கிற இந்தப் பஞ்சில் கம்பளி உண்டு, ஃபோம் உண்டு, மைக்ரோஃபைபர் உண்டு. கம்பளி நன்றாக வெட்டும், மெத்தென்ற ஃபோம் கடைசிப் பளபளப்புக்கு. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் மஞ்சள். அழுத்திப் பார்த்து, எது கெட்டி எது மிருது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். ஒரு காருக்கு ஒரு பஞ்சு போதாது. தேய்க்கத் தேய்க்கக் காம்பவுண்டும் எடுத்த பூச்சும் சேர்ந்து பஞ்சு அடைத்துப் போகும், சூடாகும். நான்கைந்தாவது கையில் இருந்து மாற்றி மாற்றிப் போட வேண்டும். கீழே விழுந்த பஞ்சை அன்றைக்குத் திரும்ப மாட்டவே கூடாது. நம் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கருங்கல் மலை, தரையில் கிடக்கிற தூளெல்லாம் கல் தூள். ஒரு பொடி ஒட்டினாலும் கதவு முழுக்கக் கோடு.

இதையே கழுவுகிற வேலைக்கும் சொல்கிறோம், கோபப்படாதீர்கள். வண்டியில் சிலந்தி வலை மாதிரி தெரிகிற மெல்லிய கீறல்களில் முக்கால்வாசி கழுவும்போது விழுவதுதான். சக்கரம் துடைத்த துணியாலேயே கதவைத் துடைப்பது, கீழே போட்ட துணியை உதறிவிட்டு மறுபடி எடுப்பது. இரண்டு பக்கெட் வையுங்கள், ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்று துணி அலச. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காரைத் தானாகக் காய விடாமல் உடனே துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி நிற்கும். இதற்கு மெஷினும் வேண்டாம், கடனும் வேண்டாம். நாமே கீறிவிட்டு நாமே காசு வாங்கிப் பாலிஷ் போட்டால் வாடிக்கையாளர் ஒரு தடவை ஏமாறுவார்.

கரண்ட் விஷயம். வாட்டர் வாஷ் இடம் என்றால் தரை ஈரம். நல்ல மெஷின்களின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம், பிளக்கில் இரண்டு முள்தான் இருக்கும். அதற்காக ஈரத்தில் நின்று ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பாலிஷ் போடும் இடம் தனியாக, மேடாக, காய்ந்து இருக்க வேண்டும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடாமல் மெஷினைப் பிளக்கில் மாட்டக்கூடாது. இது பேச்சுக்கு இடமில்லாத விதி, கடன் விண்ணப்பத்திலேயே அதன் விலையைச் சேர்த்திருக்கிறோம். வீட்டு இணைப்பிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள், வணிக இணைப்பு வேண்டும்.

முந்தானையைச் செருகி மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா வேண்டாம், பின்னலைக் கொண்டை போடுங்கள். தாலிச்சரடு சட்டைக்குள்ளே இருக்கட்டும். வளையலும் மோதிரமும் கழற்றி வைக்க வேண்டும், கைக்கும் ஆபத்து, காருக்கும் கீறல். "வளையலைக் கழட்டச் சொன்னா எங்க மாமியார் சண்டைக்கு வருவாங்க" என்று ஒருவர் சொன்னார். மாமியாரை ஒருநாள் ஷெட்டுக்கு அழைத்து வாருங்கள், மெஷின் சுற்றுவதைப் பார்த்தால் அவரே கழட்டி வாங்கி வைத்துக்கொள்வார்.

கணக்கு. இப்போது குழு வாங்கிவந்த கொட்டேஷன்படி மெஷின் ரூ.11,000. பஞ்சு, காம்பவுண்ட், துணி, ஓரங்களில் ஒட்டுகிற டேப் ரூ.7,000. ஆர்.சி.சி.பி., டார்ச் லைட், ஒயர் ரூ.4,000. மொத்தம் ரூ.22,000. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 11 தவணை. முதல் மாதம் அசல் 2,000, வட்டி 220. ஒரு கார் பாலிஷுக்கு ரூ.2,000 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சாமான், கரண்ட் 350. இரண்டு பேர் கூலி 500 வீதம் 1,000. இடத்துக்கும் மற்றதுக்கும் 200. மிச்சம் 450. மாதம் 5 கார் வந்தால் தவணை கட்டலாம். 14 பேர் கேட்டார்கள் என்பது 14 பேர் வருவார்கள் என்று ஆகாது. கூலியை எழுதாமல் லாபம் காட்டாதீர்கள். நம் குழுக்களில் இந்தப் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது, நம் உழைப்புக்கு மட்டும் விலையே போடுவதில்லை.

எல்லாக் காருக்கும் பாலிஷ் தேவையில்லை என்பதையும் சொல்லப் பழக வேண்டும். ஏற்கெனவே பலமுறை பாலிஷ் போட்ட வண்டி, எங்கே எப்போது பெயிண்ட் அடித்தது என்று தெரியாத வண்டி, கிளியர் கோட் உரிந்து செதில் செதிலாக நிற்கிற வண்டி, இவற்றுக்கு "பாலிஷ் வேண்டாங்க, கழுவி வாக்ஸ் போட்டுத் தரோம்" என்று சொல்லிவிடுங்கள். வேலை எடுக்கும்போதே வண்டியைச் சுற்றிப் பார்த்து, இருக்கிற கீறலையெல்லாம் நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வேலையைத் தொடங்கும்போது இரண்டடிக்கு இரண்டடி ஒரு இடத்தில் மட்டும் மெத்தென்ற பஞ்சால் போட்டுப் பார்த்து, போதவில்லை என்றால்தான் கெட்டிப் பஞ்சுக்குப் போக வேண்டும். தட்டைக் காரின் மேல் வைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், நிறுத்திய பிறகு எடுங்கள்.

கொட்டேஷன் படிவத்தை மாற்றிவிட்டோம். இப்போது அதில் சுற்று எத்தனை, எடை, ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர், சர்வீஸ் எந்த ஊரில், உதிரிபாகம் என்ன விலை என்று கட்டங்கள் இருக்கின்றன. விலைக்கான கட்டம் கடைசியில். ஊக்குநர்கள் இன்றைக்குப் போகும்போது ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாட்டர் வாஷ் ஷெட்டில் பயிற்சி. கடன் தொகை கொடுப்பதற்கு முன்னால் ஐந்து பேரும் ஓட்டிப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு மெஷின் இரவலுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். காயலான் கடையில் பழைய பானட் இரண்டு கிடைத்திருக்கிறது, இரண்டும் வெள்ளை. வெள்ளையில் கீறல் தெரியாது, கறுப்பு ஒன்று யாருக்காவது கிடைத்தால் கொண்டுவாருங்கள். கற்றுக்கொடுக்க அந்தப் பானட்டை எரித்த தங்கச்சியே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு பெயிண்டிங் பட்டறையில் ரோட்டரியே ஓட்டுகிறாள். பஸ் பத்தே கால் ஆகும் என்றாள், காத்திருங்கள்.